இறங்கிட்டாராம்

வெள்ளிக்கிழமை மதியம் மீரா சாகிபு ஜும்மாவுக்குக் கிளம்பிப் போன சற்று நேரத்தில் கடையில் டெலிபோன் அடித்தது. நஜீபா வெங்காய மூட்டையைச் சுற்றி ஓடிப்போய் எடுத்தாள்.

எட்டாவது மைல்கல் பக்கம், எட்டாங்கட்டைச் சந்தியில், அந்த ஒரு மளிகைக் கடையில்தான் டெலிபோன் இருந்தது. தோட்ட ஆபிஸில் இன்னொன்று உண்டு. அது தோட்ட மானேஜர் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் மட்டும். புக்கிட் மாஹாங் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு வரும் நல்ல சேதி, கெட்ட சேதி எல்லாம் முதலில் நஜீபாவின் காதில்தான் விழும். அவள் பள்ளிக் கடைசி வருஷத்து எஸ்.பி.எம். பரீட்சையில் ஆங்கிலத்தில் கிரெடிட் வாங்கியவள். யார் எந்த பாஷையில் கூப்பிட்டாலும் தன் மகள் பார்த்துக்கொள்வாள் என்று, தோட்டத்தார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மீரா சாகிபு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

லைனில் மழை பெய்வது போல இரைச்சல். ஒரு பெண் குரல் வேகமாக ஆங்கிலத்தில் பேசியது. வக்கீல் ஆபிஸ் மிஸ் லிம். திலகத்துக்கு ஒரு சேதி.

"டெல் ஹர், ஹீ காட் ஆஃப்."

"காட் ஆஃப்? ஆல்ரெடி?"

"ஆல்ரெடி லா. ஜஸ்ட் நவ். டெல் ஹர் குயிக்லி, ஓகே?"

வைத்துவிட்டாள்.

நஜீபாவுக்குச் சேதியில் குழப்பமே இல்லை. காலையில் பால்வெட்டுக்குப் போகிற வழியில் திலகம் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் தம்பி சேது சுங்கை பெசாரிலிருந்து வருகிறான். அங்கே ஒரு அரிசி ஆலையில் வேலை. கோலா சிலாங்கூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் வக்கீல் ஆபிஸுக்குப் போவான். வழக்கு முடியும் முன்பே அக்கா குடும்பத்தைத் தோட்டத்தை விட்டுக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பான். பிறகு அடுத்த பஸ்ஸில் இங்கே வருவான். "அவன் எறங்கினதும் அங்கேர்ந்து போன் வரும். கொஞ்சம் காதுல வாங்கி வச்சிக்க தங்கச்சி" என்று சொல்லியிருந்தாள்.

பஸ்ஸில் ஏறினால் கெட் ஆன், இறங்கினால் கெட் ஆஃப். ஆரம்பப் பள்ளிப் பாடம். நஜீபா வெங்காய மூட்டையிடம் திரும்பிப் போனாள்.

அந்த வழக்கைப் பற்றி அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. திலகத்தின் புருஷன் தங்கராஜு தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் வேலை செய்தான். லோரி ஓட்டும் அப்பளசாமி, கோப்பையில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பால் மூட்டைகளை வழியிலேயே இறக்கி வெளியாளுக்கு விற்கிறான் என்று துரையிடம் சொன்னவன் அவன்தான். இரண்டு நாள் அப்பளசாமி எதுவுமே கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், லயத்துத் தண்ணீர்க்குழாய் பக்கத்தில், எல்லோரும் வாளியோடு நின்றிருக்கும்போது, பாராங் கத்தியால் தங்கராஜுவின் வலது கையை வெட்டினான். வெட்டிவிட்டு அதே குழாயில் பாராங்கைக் கழுவிக்கொண்டு போனான். கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவன் அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். இன்னொருத்தி சட்டி எடுக்க உள்ளே போயிருந்தாளாம். எதிர் லயத்துச் செல்லன் தான் திரும்பி நின்றதாகச் சொன்னான். பின்னாலிருந்து விழுந்த வெட்டில் மயங்கிப்போன தங்கராஜுவால் ஆள் யாரென்று சொல்ல முடியவில்லை. பார்த்தேன் என்று சொன்னது திலகம் ஒருத்திதான்.

அப்பளசாமிக்கு ஜாமீன் எடுக்க ஆள் வரவில்லை. அவன் உள்ளேயே இருந்தான். வழக்கு தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிப்போனது. இன்றைக்கும் ஒரு தவணை இருந்தது. இதுவும் தள்ளித்தான் போகும் என்று திலகம் கோர்ட்டுக்குப் போகவில்லை.

பால்வெட்டு முடிந்து, மகள் கோமதியை, தோட்டத்துக் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, திலகம் வேகுவேகென்று கடைக்கு வந்தாள். உடம்பெல்லாம் ரப்பர் பால் வாடை.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. எறங்கிட்டாராம். இப்பத்தான்."

திலகம் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள். அவள் சிரித்து நஜீபா பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"அப்ப அடுத்த பஸ்ஸுல வந்துருவான். பசியோட வருவான். கொஞ்சம் ரொட்டியும் பிஸ்கோத்தும் குடு. காப்பித்தூளும் போடு."

"இங்கயே இருந்து கூட்டிட்டுப் போங்களேன்."

"இங்க எறங்க மாட்டான். ஒம்பதாங்கட்டைலதான் எறங்குவான். அங்கேர்ந்து லயத்துக்குக் குறுக்கு வழி. நான் போயி நிக்கிறேன். தனியா வந்தா வழி மறந்துருவான்."

பையை வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். ஒன்பதாங்கட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு பஸ் நிறுத்தம் மட்டும்தான். சுற்றிலும் ரப்பர் காடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு கிடையாது.

டெலிபோன் மறுபடி அடித்தபோது நஜீபா கணக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆண் குரல்.

"காக்கா கடையா? நான் சேது பேசறேன். திலகம் தம்பி. அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. தஞ்சோங் காராங்ல பஸ்ஸு ரிப்பேராகி நின்னுருச்சி. வேற பஸ்ஸு எப்ப வரும்னு தெரியல. இன்னிக்கு வர முடியாது, நாளைக்கு ஆலை லோரியவே கேட்டு எடுத்துட்டு வர்றேன்."

"நீங்க எறங்கிட்டீங்கன்னு வக்கீல் ஆபிஸ்லேர்ந்து சொன்னாங்களே!"

"வக்கீல் ஆபிஸா? நான் இன்னும் கோலா சிலாங்கூரையே பாக்கலயே."

காசு தீர்ந்து லைன் அறுந்தது. நஜீபா ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரில் பென்சிலால் எழுதியிருந்த வக்கீல் ஆபிஸ் எண்ணைத் தேடிச் சுழற்றினாள். இந்த முறை இரைச்சல் இல்லை. மிஸ் லிம்மின் ஆங்கிலம் பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

"மிஸ், ஹூ காட் ஆஃப்?"

"அப்பளசாமி லா! வேற யாரு? கேஸ் இன்னிக்கு முடிஞ்சு போச்சு. சாட்சி பத்தலைன்னு விட்டுட்டாங்க."

"பஸ்ஸுலேர்ந்து எறங்கினதா நெனச்சேன் மிஸ்."

மிஸ் லிம் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, காட் ஆஃப் என்றால் தண்டனையில்லாமல் தப்பி வந்துவிட்டான் என்றும் அர்த்தம் என்று சொன்னாள். "நீ அவகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

நஜீபா ரிசீவரோடு வாசல் பக்கம் திரும்பினாள். பஸ் சத்தம் கேட்டது.

கோலா சிலாங்கூர் பக்கமிருந்து வந்த பஸ் சந்தியில் வேகம் குறைத்தது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. நிற்காமலே போனது. பின் இருக்கை ஜன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. அதற்கு மேலே கட்டம் போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அப்பளசாமி கடையைப் பார்த்தான். நஜீபாவையும் பார்த்தான். தெரிந்தவர்களைப் பார்த்தால் தலையசைப்பது போல அசைத்தான்.

உம்மா காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். வாப்பா மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நஜீபா ரிசீவரை அதன் இடத்தில்கூட வைக்கவில்லை. முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, பின்பக்கம் சாத்தி வைத்திருந்த சைக்கிளை எடுத்தாள்.

ஒன்பதாங்கட்டை வரை ரோடு மேடு. பஸ் எப்போதோ வளைவில் மறைந்திருந்தது. அவள் மிதித்த மிதியில் செயின் ஒருமுறை கழன்றது. மாட்டிவிட்டு மறுபடி ஏறினாள். தான் சொன்ன சொல்லே காதில் ஓடிக்கொண்டிருந்தது. எறங்கிட்டாராம். எறங்கிட்டாராம். எத்தனை சந்தோஷமாகச் சொன்னோம் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தாள்.

பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. பலகையில் காப்பித்தூள் பொட்டலம் மட்டும் கிடந்தது. நஜீபா அதை எடுக்கவில்லை. குறுக்கு வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வெயிலில் ரப்பர் கொட்டைகள் எங்கோ உச்சியில் படீர் படீரென்று வெடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் நின்று நின்று ஓடினாள்.

ஓடையைத் தாண்டியதும் அவர்களைப் பார்த்தாள்.

அப்பளசாமி முன்னால் நடந்துகொண்டிருந்தான். ஒரு கையில் திலகத்தின் பை. திலகம் பத்தடி பின்னால், தூக்கத்தில் நடக்கிறவள் போல வந்துகொண்டிருந்தாள். அவன் அவளைத் தொடவில்லை. அவசரமும் படவில்லை. நின்று, அவள் வரும்வரை காத்திருந்து, மறுபடி நடந்தான்.

"அக்கா!"

இருவரும் திரும்பினார்கள். அப்பளசாமி சிரித்தான். முன்பைவிடச் சதை போட்டிருந்தான்.

"யாரு, காக்கா மவளா? இந்த வெயில்ல எங்கம்மா?"

"அக்காவக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"நான்தான் கூட்டிட்டுப் போய்க்கிட்டிருக்கேனே. பைகூட தூக்கிட்டு வர்றேன் பாரு. வா, நீயும் வா. மூணு பேரா பேசிக்கிட்டே போலாம்."

நஜீபா சைக்கிளைத் தனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு திலகத்தின் கையைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் கை ஈரமாகச் சில்லிட்டிருந்தது.

வழி முழுக்க அவன்தான் பேசினான். சிறையில் போட்ட சோற்றைப் பற்றி, அங்கே பழகிய ஒரு சீனத் தச்சனைப் பற்றி, இந்த வருஷம் மழை குறைந்ததைப் பற்றி. பிறகு குரல் மாறாமலே சொன்னான்.

"கோர்ட்டு என்னா சொல்லிருச்சி தெரியுமா, காக்கா மவளே? நான் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லிருச்சி. அப்பன்னா யாரோ பொய் சொல்லியிருக்காங்க. யாருன்னு நான் கேக்கல. சும்மா யோசிச்சிக்கிட்டே வர்றேன்."

திலகத்தின் விரல்கள் நஜீபாவின் கையை நெரித்தன.

லயத்துத் தண்ணீர்க்குழாயில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவனைக் கண்டதும் பேச்சு நின்றது. நிரம்பிய வாளிக்கு மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, யாரும் குழாயை மூடவில்லை. செல்லன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"வாங்கண்ணே" என்றான்.

மற்றவர்கள் வழிவிட்டார்கள். அப்பளசாமி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நலம் விசாரித்தான். நின்று குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தான். பிறகு நேரே திலகத்தின் வீட்டுக்குப் போனான்.

தங்கராஜு வாசல்படியில் இடது கையால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அப்பளசாமி பையை அவன் காலருகில் வைத்தான்.

"கை எப்டி இருக்கு, தங்கராஜு?"

தங்கராஜு அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி. இன்னிக்கு அலுப்பு. நாளைக்கு வர்றேன். ஒக்காந்து பேசலாம்."

அவன் போன பிறகும் யாரும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது. நஜீபா உள்ளே போய்த் திலகத்தைப் பாயில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அதற்கு மேல் அடக்க முடியவில்லை, சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை, அதற்குத் தான் வைத்த அர்த்தத்தை, மிஸ் லிம் சொன்ன அர்த்தத்தை.

"நான்தான்கா ஒங்கள அங்க அனுப்பினேன். அவன் வர்ற பஸ்ஸுக்கே அனுப்பிட்டேன்."

திலகம் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"நீ சரியா சொல்லியிருந்தா மட்டும் நான் எங்க போயிருப்பேன்? இந்த வூட்டுக்குத்தான் வந்திருப்பேன். அவனும் இந்த வூட்டுக்குத்தான் வந்திருப்பான்." பிறகு சொன்னாள்: "ஆனா அந்த பஸ்ஸு நின்னு, படியில அவன் காலு தெரிஞ்சப்ப, தம்பின்னு நெனச்சி சிரிச்சிக்கிட்டு ஓடினேன், புள்ள. அவனப் பாத்துச் சிரிச்சிட்டேன். அதான் தாங்கல."

கடை திறந்து கிடப்பதைப் பார்த்துப் பதறி, கேட்டு விசாரித்து, மீரா சாகிபு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தங்கராஜுவிடம், "ஆயாகிட்டேர்ந்து பிள்ளையத் தூக்கிட்டு மூணு பேரும் கடைக்கு வாங்க. அங்க படுத்துக்கலாம்" என்றார். அன்றிரவு அவர்கள் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தார்கள். யாரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை சேது ஆலை லோரியோடு வந்தான். சாமான் ஏற்ற எல்லோரும் லயத்துக்குப் போனார்கள், நஜீபாவும் கூடப் போனாள். அதிகம் ஒன்றுமில்லை. ஒரு கட்டில், சட்டி பானை, ஒரு மர அலமாரி. சேதுவும் லோரிக்காரனும் அலமாரியைத் தூக்கத் தடுமாறியபோது பின்னால் இன்னொரு ஜோடிக் கை வந்து தாங்கியது. அப்பளசாமி.

"ஒத்தக் கையால தங்கராஜு எப்டித் தூக்குவான்? வுடுங்க, நான் புடிக்கிறேன்."

சேதுவின் முகம் வெளிறியது. ஆனால் அலமாரி பாதி தூக்கியாகிவிட்டது. கீழே விடவும் முடியவில்லை. அப்பளசாமியே தூக்கி, அவனே கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். கட்டு நன்றாக இருக்கிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான்.

"எங்க போறீங்க, வெளியூரா?"

சேது கட்டிலின் கயிற்றைச் சரிசெய்யத் திரும்பினான். லோரி முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கோமதிக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து உற்சாகமாகச் சொன்னாள்:

"மாமா வூட்டுக்கு! சுங்கை பெசாருக்கு!"

அப்பளசாமி அவள் கன்னத்தைத் தட்டினான். "அப்டியா? பெரிய ஊரு லா" என்றான்.

அதன்பிறகு அவன் தினமும் நஜீபாவின் கடைக்கு வந்தான். சிகரெட் வாங்குவான், நிற்பான், போவான். தோட்டத்தில் அவனுக்கு மறுபடி லோரி கொடுத்தார்கள். ஒட்டுப்பால் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாதங்கள் போயின. நஜீபாவுக்கு அவனுக்குச் சில்லறை கொடுப்பது பழகிவிட்டது. விரல் படாமல் மேசைமேல் வைத்துத் தள்ளக் கற்றுக்கொண்டாள்.

தீபாவளி கழிந்த ஒரு நாள், சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டே அவன் சொன்னான்.

"தோட்டத்து வேலை போதும்னு இருக்கு, காக்கா மவளே. அரிசி லோரிக்கு டிரைவர் கேக்குறாங்க. அந்தப் பக்கம் ரோடெல்லாம் நேரா இருக்குமாம். பச்சப் பசேல்னு."

எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை.

அரிசி ஆலைக்கு டெலிபோன் இருந்தது. நஜீபா எண்ணைச் சுழற்றத் தொடங்கி, பாதியில் வைத்துவிட்டாள். யாரோ எடுத்து, யாரோ கேட்டு, யாரிடமோ எப்படியோ போய்ச் சேரும். வாப்பாவிடம் சொன்னாள். மறுநாள் இருவரும் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினார்கள்.

ஆலைக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிப் பலகை வீடுகள் வரிசையாக இருந்தன. திலகம் வாசலில் உட்கார்ந்து மீனைக் கத்தியால் அரிந்து கழுவிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மீரா சாகிபு சேதுவைப் பார்க்க ஆலைப் பக்கம் போனார். நஜீபா மூச்சு வாங்க, சுற்றி வளைக்காமல் தமிழில் சொன்னாள்.

"அக்கா, அப்பளசாமி இந்தப் பக்கம் லோரி ஓட்ட வரப்போறான்."

திலகம் கையைக் கழுவினாள்.

"வந்துட்டுப் போயிட்டான். நேத்து சாயந்திரம்."

நஜீபா வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"தோட்டத்து லோரிய அந்தப் பாலத்துல நிப்பாட்டிட்டு எறங்கி வந்தான். கோமதிக்கு முட்டாய் வாங்கிட்டு வந்திருந்தான். நான் இந்தக் கத்தியோடயே எந்திரிச்சி நின்னேன். கத்தல. பேரச் சொன்னேன், அவ்வளவுதான். சத்தமா அவன் பேரச் சொன்னேன்." பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினாள். "அந்த மலாய்க்கார அக்கா மொதல்ல வந்துச்சு. அப்புறம் அந்தச் சீனத்தாத்தா, ஆலை ஆளுங்க. வந்த வாரமே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். தெரிஞ்ச மலாய்ல, எங்க வூட்டுக்காரரு கையக் காட்டிச் சொன்னேன். யாரு, எப்டி இருப்பான், என்னா பண்ணான்னு. லயத்துல எல்லாரும் பாத்துட்டு பாக்கலன்னாங்க. இவங்க பாக்காமலே வந்து நின்னாங்க."

"போயிட்டானா?"

"முட்டாய அங்க வச்சிட்டுப் போனான். வாய்க்கால்ல போட்டுட்டேன்."

"இனிமே வர மாட்டான்கா."

பாலத்தின் மேல் நெல் ஏற்றிய லோரி ஒன்று கடகடவென்று வந்தது. திலகம் நிமிர்ந்து, அது கடந்து போகும்வரை பார்த்திருந்தாள். ஓட்டியது வேறு யாரோ.

"திரும்பிப் போற பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

மீனை வறுத்து, சோறு போட்டு நஜீபாவை உள்ளே உட்கார வைத்தாள். தான் தட்டை எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள்.